கண்மாய்க்குள் ஓடும் பிள்ளைகள்

மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணி 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். கூலி வேலை செய்து பாட்டி வளர்த்த பெண். வெறுங்காலோடு ஓடத் தொடங்கியவர். ஷூவுக்கும் கல்லூரி இடத்துக்கும் உதவியவர் பயிற்சியாளர் கண்ணன்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் நம் காலனிப் பிள்ளைகளுக்கு வறண்ட கண்மாய்தான் மைதானம். சீமைக்கருவேல முள்ளை ஒதுக்கிச் சுண்ணாம்புக் கோடு போட ஆள் வேண்டும். நேரம் பார்க்க செல்போனே போதும். விருதுநகரில் போட்டி என்றால் முதல் பஸ்ஸில் கூட்டிப்போக ஒரு அண்ணன், பெண் பிள்ளைகளோடு போக ஒரு அக்கா. இதற்கு ஆளில்லாமல் நின்றுபோன கால்கள் எத்தனையோ.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா போட்டி மதுரையிலும் நடந்தது. அப்படிப்பட்ட இடத்தில் தன்னார்வலராக நிற்பதும் நல்லதே. ஆனால் ஊர்ப் பொங்கல் விளையாட்டில் நம் பிள்ளையின் பெயரை எழுதாமல் விட்டால் கேட்பது யார்? பெயர் எழுதும் மேசையிலும் நம் ஆள் உட்கார வேண்டும்.

படித்த தம்பி தங்கைகளே, ஞாயிறு காலை உங்கள் ஊர்க் கண்மாய்க்குப் போங்கள். அரிவாளும் மண்வெட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள்.