கூரையைக் கடைசியில் போடுங்கள்!

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் வானத்தையும் கொல்லையையும் மாறி மாறிப் பார்ப்பது நம் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பழகிப்போன விஷயம். வீடு எப்படியோ தாங்கிவிடும். தாங்காதது கொல்லைப்புறத்துக் கொட்டகைதான். நாலு கம்பம், ஒரு அரைச் சுவர், மேலே ஆறு சிமென்ட் ஷீட், பக்கத்தில் கிணறோ போரோ. அதற்குள்தான் கிரைண்டர், அரிசி மூட்டை, உளுந்து டின், ராத்திரி முழுக்கப் பொங்கி நிற்கும் இட்லி மாவு!

வெளிநாடுகளில் கொல்லைப்புறக் கொட்டகையில் பீர் தயாரிப்பதையே ஒரு பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த ஆசையே வேண்டாம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை மறந்துவிட முடியுமா? நம் வீட்டுக் கொல்லையில் கௌரவமாகப் புளிக்கிற பண்டம் மாவு ஒன்றுதான்.

அதுவும் இந்தத் தோல் பட்டணங்களில் மாவு வியாபாரம் ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பொழுது விடியும்போதே ஷூ கம்பெனிக்குக் கிளம்பும் பெண்கள் ஏராளம். ராத்திரி வந்து அரிசி ஊறப்போட்டு அரைக்க அவர்களுக்கு ஏது நேரம்? "ஒரு பாக்கெட் மாவு குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு கொட்டகை பல வீட்டுக் குழந்தைகளின் காலைச் சாப்பாட்டுக்குப் பொறுப்பேற்றுக் கொள்கிறது என்று அர்த்தம்.

அதனால்தான் சொல்கிறேன். புயலிலோ வெள்ளத்திலோ கொட்டகை விழுந்தால், அது அந்த ஒரு வீட்டுக் கஷ்டம் மட்டுமல்ல. அதை எப்படித் திரும்பக் கட்டுகிறோம் என்பது மாவு வாங்குகிற ஒவ்வொரு வீட்டையும் தொடும்.

நாம் என்ன செய்கிறோம்? மழை விட்ட மறுநாளே ஷீட் கடைக்கு ஓடுகிறோம். கூரை ஏறினால் வியாபாரம் ஏறிவிடும் என்று நினைப்பு. என்னைக் கேட்டால், கூரை கடைசி வேலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் சுவர். 2021 நவம்பர் 19 அன்று, பாலாறு கரை புரண்ட அந்த மழையில், பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். ஊறிப்போன சுவர் மழை பெய்யும்போதுதான் விழும் என்றில்லை. வெயில் அடித்துக் காயும்போதும் விரிசல் விட்டுச் சரியும். பாதி நிற்கிற பழைய சுவர்மேல் புது ஷீட்டை ஏற்றுவது தலைமேல் கல்லை வைத்துக்கொள்கிற காரியம். "இது தாங்குமா?" என்று நாமே கையால் தட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரு நல்ல மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் இடிக்கச் சொன்னால் இடித்துவிடுங்கள்.

அடுத்தது உடைந்த ஷீட். பழைய சிமென்ட் ஷீட் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். முழுசாக இருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. உடைத்தால், அறுத்தால், துளை போட்டால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கும். மூச்சில் போய் நுரையீரலில் தங்கினால், 20, 30 வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோயாக வெளிவரலாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. ஆகவே, துண்டுகளைத் தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கு வாயை நன்றாக மூடிக்கொண்டு, மேலும் உடைக்காமல் எடுங்கள். துடைப்பம் போட்டுக் காய்ந்த தூளைப் பெருக்காதீர்கள். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். "நல்ல துண்டாச்சே, கோழிக்கூண்டுக்கு ஆகும்" என்று அறுத்து வைக்கிற சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, கரண்ட். தண்ணீரில் மூழ்கிய கிரைண்டர் மோட்டாரை வெயிலில் இரண்டு நாள் காயவைத்துவிட்டு, "போட்டுத்தான் பார்ப்போமே" என்று சுவிட்சைத் தட்டுகிறவர்கள் உண்டு. அந்த இடத்தில் தரையும் ஈரம், கையும் ஈரம். எலக்ட்ரீஷியன் வந்து மோட்டாரையும் ஒயரையும் எர்த்தையும் பார்த்த பிறகுதான் இணைப்புக் கொடுக்க வேண்டும். கூடவே 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர் ஒன்றையும் போட்டுவிடுங்கள். அந்தச் செலவை உயிரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றுமே இல்லை.

நான்காவதுதான் ரொம்ப முக்கியம். தண்ணீர்! மாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே. வெள்ளம் புகுந்த கிணற்றில் சாக்கடையும், எலி மூத்திரமும், தெருவில் இருந்த அத்தனையும் கலந்திருக்கும். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் அந்த வழியாக வரும். கலங்கல் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிப் பிரயோசனமில்லை. முதலில் இறைத்துவிட்டு, தெளிந்து ஊறிய பிறகு போட வேண்டும். சாதாரணமாக 1000 லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம் கணக்கு. குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். எவ்வளவு என்று சுகாதார ஆய்வாளரைக் கேட்டுப் போடுங்கள்.

கிருமியைக் கொன்றால் போதுமா? நம் ஊரில் போதாது. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரில் இறங்கின கதை எல்லாருக்கும் தெரியும். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரி 30 அன்று, பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்து, அதை மாசு செய்தவர்களிடம் வசூலிக்கும்படி மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பிரச்னை தீரவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

உப்பும் குரோமியமும் பிளீச்சிங் பவுடருக்கு மசியாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டிப்படும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள்ளும், குரோமியம் 0.05 மில்லி கிராமுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதித்துக் கொள்ளலாம். முடிவு சரியில்லை என்றால், அந்தக் கிணறு பாத்திரம் கழுவக்கூட வேண்டாம். குழாயில் வரும் கூட்டுக் குடிநீரைத்தான் ஊறவைக்கவும் அரைக்கவும் பயன்படுத்த வேண்டும்.

"மாவு புளிச்சா கிருமி செத்துடும், அப்புறம் ஆவியில வேற வேகுது" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பாதிதான் உண்மை. மாவு புளிக்கும்போது நல்ல பாக்டீரியா அமிலத்தை உண்டாக்கி, பல கெட்ட கிருமிகளை வளரவிடாமல் தடுப்பது நிஜம். ஆனால் அமிலம் உலோகத்தை ஒன்றும் செய்யாது. சில கிருமிகளும் பூஞ்சைகளும் விட்டுப்போகும் நச்சு இட்லிப் பானையின் சூட்டுக்கு அசையாது. அதனால் நனைந்து பூஞ்சை பிடித்த அரிசியையும் உளுந்தையும் கழுவிக் காயவைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். மனசைக் கல்லாக்கிக் கொண்டு கொட்டிவிடுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள்.

ஐந்தாவது, தரை. புதுத் தளத்தைப் பழைய தளத்தைவிட ஓரடியாவது உயர்த்துங்கள். தண்ணீர் நிற்காமல் ஓட வாட்டம் வையுங்கள். சேற்றை அள்ளும்போது காலில் பூட்ஸ், கையில் உறை அவசியம். காலில் சின்ன வெட்டுக் காயம் இருந்தாலே எலிக் காய்ச்சல் உள்ளே புக வழியாகிவிடும். சேற்றில் இறங்கின பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்காமல் டாக்டரிடம் போங்கள். வெள்ளத்தில் நின்றதையும் சொல்லுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு கூரை. அதையும் காற்று பிய்த்துப் போகாதபடி கொக்கி போல்ட் போட்டு இறுக்குங்கள்.

"சொல்றது சுலபம். ஒரு வாரம் மாவு போடலேன்னா கடைக்காரர் வேற ஆளைப் பிடிச்சுக்குவாரு. குழுக் கடன் தவணையை யார் கட்டுவா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்லாமல் உபதேசம் செய்வது அழகல்ல.

முழுசாக நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டுச் சமையலறை உலர்ந்து சுத்தமாக இருந்தால், குழாய்த் தண்ணீரில், சின்ன கிரைண்டரில், கால்வாசி மாவு போடுங்கள். மோர், ஊறுகாய் என்று வேறு எதிலும் அவசரமாக இறங்க வேண்டாம். குழுவில் தவணைக்கு அவகாசம் கேளுங்கள்; வெள்ளம் வந்தது அவர்களுக்கும் தெரியும். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி இதுவரை பதிவு செய்யாதவர்கள் இந்தச் சமயத்தில் செய்துவிடுங்கள். சின்ன வியாபாரம் என்றாலும் பதிவு கட்டாயம்.

மாவு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வழக்கமாக வாங்கும் வீட்டில் கொட்டகை விழுந்திருந்தால், "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று அவசரப்படுத்தாதீர்கள். "எந்தத் தண்ணியில அரைக்கறீங்க?" என்று கேளுங்கள். உண்மையைச் சொல்கிறவரிடம், பத்து நாள் கழித்தானாலும், திரும்பப் போய் வாங்குங்கள். அந்தப் பத்து நாளைக்கு உப்புமாவோ கஞ்சியோ செய்து சாப்பிட்டால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. வாங்குகிறவர்கள் காத்திருப்பார்கள் என்று தெரிந்தால்தான், கட்டுகிறவருக்கும் கூரையைக் கடைசியில் போடுகிற தைரியம் வரும்.