சின்னப் பிள்ளைப் புத்தகம்

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பத்தாவது முடித்த அக்கா பெண் ஊஞ்சலில் கால் மடக்கி உட்கார்ந்து ஒரு இங்கிலீஷ் புத்தகத்தில் மூழ்கியிருந்தாள். வாங்கிப் புரட்டினேன். பக்கத்துக்குக் கொஞ்சம் வரிகள், மீதி வெள்ளைத்தாள். "என்னம்மா, இன்னும் சின்னப் பிள்ளைப் புத்தகமே படிச்சுட்டிருக்கே? உருப்படியா ஏதாவது படிக்கக் கூடாதா?" என்றேன். பெரிய மனுஷத் தோரணை. அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. டீப்பாய் மேல் அதே புத்தகம். ஜேசன் ரெனால்ட்ஸ் 2017-ல் எழுதிய 'லாங் வே டவுன்'. பதினைந்து வயதுப் பையன். அண்ணனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவர்கள் பேட்டையில் மூன்று விதி: அழக் கூடாது, காட்டிக்கொடுக்கக் கூடாது, பழி வாங்கியே ஆக வேண்டும். பையன் இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறான். கீழே வந்து சேர ஒரு நிமிடச் சொச்சம். அவ்வளவுதான் கதை நடக்கும் நேரம். மாடிக்கு மாடி லிஃப்ட் நிற்கிறது, ஒருவர் ஏறுகிறார். ஏறுகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே செத்துப்போனவர்கள். முழுக்கக் கவிதை வடிவம். கடைசி வரி ஒரு கேள்வி. பதில் கிடையாது. ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இதைத்தான் நான் சின்னப் பிள்ளைப் புத்தகம் என்றேன்.

நான் மட்டும் சொல்லவில்லை, பெரிய கூட்டமே சொல்கிறது. 2014-ல் 'ஸ்லேட்' இதழில் ரூத் கிரஹாம் ஒரு கட்டுரை எழுதினார். டீன் ஏஜ் பிள்ளைகளுக்காக எழுதியதைப் பெரியவர்கள் படித்தால் வெட்கப்பட வேண்டும் என்பது சாரம். இவற்றில் முடிவு கச்சிதமாக, திருப்தியாக அமைந்துவிடுகிறதாம். வாழ்க்கையின் சிக்கல் இருக்காதாம். ரெனால்ட்ஸ் புத்தகம் அப்போது வரவில்லை, சரி. ஆனால் அதே வாதத்தை இன்றைக்கும் சொல்கிறவர்கள், அந்த லிஃப்டில் ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டுப் பேசட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்னொரு கூட்டம் நேர் எதிராகப் பேசுகிறது. ஆஞ்ஜி தாமஸின் 'தி ஹேட் யு கிவ்' (2017) கதையில், பதினாறு வயதுக் கறுப்பினப் பெண்ணின் கண்ணெதிரே அவள் நண்பனைப் போலீஸ்காரர் சுட்டுவிடுகிறார். பையனிடம் இருந்தது தலை வாரும் பிரஷ். அவள் படிப்பது வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்த பணக்காரப் பள்ளியில். அங்கே ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு. நடந்ததை வெளியே சொல்வதா, வாயை மூடிக்கொண்டிருப்பதா? இந்தப் புத்தகத்தை அதே 2017-ல் டெக்சஸ் மாநிலத்தின் கேட்டி பள்ளி மாவட்டம் நூலகங்களிலிருந்து எடுத்தது. கெட்ட வார்த்தை இருக்கிறதாம்! பையனைச் சுட்டதைவிட அவன் பேட்டையில் பேசுகிற பாஷைதான் உறுத்தியிருக்கிறது.

பெரியவர்களுக்கு இது ரொம்பக் குழந்தைத்தனம், பிள்ளைகளுக்கு இது ரொம்ப முற்றிய விஷயம். அப்படியானால் யார்தான் சார் படிப்பது? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

ஃபேண்டஸி என்றாலும் இதே அலட்சியம்தான். "ராஜா, மந்திரம், டிராகன்... அதெல்லாம் நமக்கு எதுக்குங்க?" வேதாளம் கேட்ட கேள்விகளை வாய் பிளந்து கேட்டு வளர்ந்தவர்கள்தான் இப்படிச் சொல்கிறார்கள். என்.கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' (2015) எடுத்த எடுப்பில் ஒரு தாயைக் காட்டுகிறது. வீட்டுக்கு வருகிறாள். அவளுடைய சின்ன மகன் செத்துக் கிடக்கிறான். கொன்றது அவன் அப்பா. பூமி அதிர்வதை அடக்கும் சக்தி பிள்ளைக்கு இருந்தது, அதுதான் குற்றம். அந்த ஊருக்கு இவர்கள் சக்தி வேண்டும், இவர்கள் வேண்டாம். உழைப்பை எடுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்தும் சமூகத்தை இதைவிட யதார்த்தமாக எந்த யதார்த்த நாவல் சொல்லிவிட்டது? மூன்று பாகங்கள். 2016, 2017, 2018 என்று வரிசையாக மூன்று வருடம் ஹ்யூகோ விருது. சிறந்த நாவலுக்கான அந்த விருதை அப்படி வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

சுசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' (2020) இன்னொரு ரகம். முடிவில்லாத மண்டபங்கள், சிலைகள், கீழ்த்தளத்தில் அலையடிக்கும் கடல். உள்ளே ஒருத்தன், தான் அடைபட்டிருப்பது தெரியாமலே அந்த வீட்டை நேசித்துக்கொண்டிருக்கிறான். 2004-ல் முதல் நாவல் வந்த பிறகு கிளார்க் நோயில் பல வருடங்கள் முடங்கிப்போனவர். அது தெரிந்து படித்தால் தொண்டை அடைக்கிறது. 2021-ல் பெண்களுக்கான புனைவுப் பரிசு இதற்குத்தான்.

எல்லாமே தங்கம் என்று நான் சொல்லவில்லை. செங்கல் கனத்தில், டிராகன் மேல் உட்கார்ந்து காதல் செய்வதைத் தவிர வேறொன்றும் இல்லாத குப்பைகள் கடை நிறையக் கிடக்கின்றன. இரண்டை வாங்கிப் பாதியில் மூடினேன். ஆனால் 'சீரியஸ் இலக்கியம்' என்று அட்டை போட்டு வருவதில் குப்பை இல்லையா? அதற்காக மொத்த இலக்கியத்தையும் யாராவது வெட்கப்படச் சொல்கிறார்களா?

நம் அலட்சியத்தால் ஜெமிசினுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் நமக்குத்தான். மரணம், அநியாயம், பயம் பற்றி நம்மிடம் கேட்க முடியாததைப் பிள்ளைகள் புத்தகத்திடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் அட்டையைப் பார்த்துச் சிரிக்கிறோம். அடுத்த தடவை அட்டையைக்கூடக் காட்ட மாட்டார்கள்.

காலையில் அக்கா பெண்ணிடம் புத்தகத்தை நீட்டி, "தப்பாச் சொல்லிட்டேம்மா. இந்த மாதிரி இன்னொண்ணு இருந்தா குடேன்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தாள், யோசித்தாள், திரும்ப வைத்துவிட்டாள்.

"அது வேணாம் மாமா. கொஞ்சம் கஷ்டமான புக். உங்களால தாங்க முடியாது."