மாமையும் மானிட்டரும்

கணினித் திரையைப் பற்றி எழுதுவதற்குத் தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தோலின் நிறம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதற்குக் கணக்கு வைத்திருந்த இலக்கியம் நம்முடையது. சங்கப் பாடல்களின் தலைவிக்கு அழகு தருவது மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரையாசிரியர்கள் அதை விளக்குவர். தலைவன் பிரிந்தால் அந்த மாமை கெட்டுப் பசலை படரும். ஆண்டுதோறும் முதுகலை வகுப்பில் இதை நாம் நடத்துகிறோம். அப்படிப்பட்ட நாமே, எந்தப் பிரிவும் நேராமல், ஒரு மூதாட்டிக்குப் பசலை ஏற்றிவிட்டோம். ஏற்றியது ஒரு மானிட்டர். குற்றம் மானிட்டருடையது அன்று, நம்முடையது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். மாணவர்கள் தம் வீட்டுப் பழைய ஸ்டூடியோ ஒளிப்படங்களைக் கொண்டுவந்து, அவற்றின் கதையை எழுதி, படத்தோடு கண்காட்சியாக வைப்பது என்று துறையில் முடிவாயிற்று. முதலாமாண்டு மாணவி ஒருவர் தம் பாட்டியின் படத்தைக் கொணர்ந்தார். 1979இல், நம் ஊர் ஸ்டூடியோக்களில் வண்ணப்படம் பரவலாகிக்கொண்டிருந்த நாட்களில் எடுத்தது. அந்தக் காலத்து வண்ணப் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம்தான் பெரும்பாலும் முதலில் வெளுக்கும், எஞ்சுவது செம்மை. பாட்டி நெருப்பில் நின்றதுபோல் இருந்தார். ஸ்கேன் செய்து, துறைக் கணினியில் மாணவர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தினார்கள். திரையில் பார்த்தபோது நமக்கும் நிறைவாகவே இருந்தது. பிரிண்ட் போடக் கொடுத்த இடத்திலிருந்து வந்ததோ இருண்டு, செங்கல் நிறத்தில் இருந்தது. மறுபடி கொடுத்தோம். அங்கே டச்சிங் செய்பவர் தம் வழக்கப்படி முகத்தை மட்டும் தூக்கிவிட்டார். பாட்டி ரோஜா நிறமானார். கண்காட்சியின் முதல் நாள் மாணவியின் தாயார் வந்து படத்தின் முன் நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு, “சார், இது எங்கம்மா இல்ல சார். எங்கம்மா இவ்ளோ செவப்பா இருந்ததே இல்ல” என்றார்.

தமிழில் ‘சிவப்பு’ என்ற சொல் எப்போது வெளுப்பைக் குறிக்கத் தொடங்கியது என்பது தனி ஆராய்ச்சி. அதை இங்கே தொடவில்லை.

அன்று மாலையே படத்தைச் சட்டத்தோடு இறக்கிவைத்தோம். அதன்பின் சில வாரங்கள் இந்தத் திரை விவகாரத்தைப் படித்தோம், விசாரித்தோம். தெரிந்துகொண்டது எளியதுதான். கடைகளில் விற்கும் மானிட்டர்கள், கடையின் வெளிச்சத்தில் பக்கத்து மானிட்டரைத் தோற்கடிக்கும்படி, மிகுந்த ஒளியோடும் சற்றே நீலம் பாய்ந்தும் அமைக்கப்பட்டு வருகின்றன. சதுர மீட்டருக்கு 250, 300 கேண்டெலா ஒளி என்பது அவற்றில் சாதாரணம். படத்திருத்தத்துக்கு வேண்டியதோ 80 முதல் 120 வரைதான். ஒளி மிகுந்த திரையின்முன் உட்காருபவர் படம் வெளுத்திருக்கிறது என்று நினைத்து இருட்டுகிறார். நீலம் மிகுந்த திரையின்முன் உட்காருபவர் மஞ்சளையும் சிவப்பையும் கூட்டுகிறார். தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது, நீலமும் கிடையாது. ஆகவே தாளில் வருவது இருண்ட செங்கல். நம் மாணவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. பொய் சொல்லும் திரையை நம்பி நேர்மையாகத் திருத்தினார்கள்.

இதில் நம்மை அதிகம் கலக்கியது, அந்த நீலத்தை நாம் எவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான். பத்து நிமிடம் ஒரு திரையைப் பார்த்தால் அதன் வெள்ளையையே வெள்ளை என்று கண் ஏற்றுக்கொண்டுவிடுகிறது. பாரிசின் கோபெலின் நெசவுச்சாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல் இதற்கு நெருங்கிய வேறொன்றைக் கண்டார். கருப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சாயத்தை ஆராய்ந்தார்; சாயத்தில் குறையில்லை. அருகில் நெய்த மற்ற நிறங்கள்தாம் கருப்பை வேறாகக் காட்டின. 1839இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். நீலத்துணி சாயமேற்றிச் செனகல் வரை கப்பலேற்றிய ஊர் நம் புதுவை; இங்கே சாயத்தொழிலாளிக்கு இது நூலில்லாமலே தெரிந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. (ஊர்ப்பற்று என்று வாசகர்கள் கொள்ளலாம்.)

கண்ணை நம்பக்கூடாது என்று ஆனபின் எதை நம்புவது? அளவுகருவியை. திரையின் மீது பொருத்திவைக்கும் சிறிய கருவி ஒன்று கிடைக்கிறது, கலரிமீட்டர் என்பார்கள். ஸ்பைடர், காலிபிரைட் என்ற பெயர்களில் வருகின்றன. திரை காட்டும் ஒவ்வொரு நிறத்தையும் அது அளந்து, திரை எங்கெங்கே பிசகுகிறது என்ற குறிப்புக் கோப்பைக் கணினிக்கு எழுதிக் கொடுக்கும். அந்தக் கோப்பைக் கொண்டு கணினி பிசகைச் சரிக்கட்டிக் காட்டும். ஆர்கில் என்ற இலவச மென்பொருளும் இதைச் செய்யும். கருவி மட்டும் வேண்டும். வெண்மை 6500 கெல்வின், காமா 2.2, ஒளி 100 கேண்டெலா அளவில் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான வேலைக்குப் போதும். திரையை அரைமணி நேரம் எரியவிட்டபின் அளக்க வேண்டும், மாதம் ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். கருவி வாங்க இயலாதவர்களுக்கு ஒரு நாட்டு வைத்தியம் உண்டு: வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திரையில் திறந்து, பக்கத்தில் நல்ல விளக்கின்கீழ் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை திரையின் ஒளியைக் குறைத்துக்கொண்டே வருவது. நிறத்தை இது திருத்தாது, இருட்டைத் திருத்தும்.

மானிட்டரைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நமக்குத் தேவையானது கொஞ்சம்தான். ஐபிஎஸ் வகைப் பலகை வேண்டும். மலிவான டிஎன் வகையில் தலையைச் சற்று மேலே தூக்கினாலே முகம் வெளுக்கும், தாழ்த்தினால் கருக்கும். எஸ்ஆர்ஜிபி என்னும் நிற எல்லையை முழுவதும் காட்ட வேண்டும். அச்சுக்குப் போகும் வேலையே மிகுதி என்றால் அடோபி ஆர்ஜிபியையும் பெரும்பகுதி காட்டினால் நல்லது. மலிவு மடிக்கணினிகளின் விவரத்தாளில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று போட்டிருந்தால் படத்திருத்தத்துக்கு அதைத் தொட வேண்டாம். பளபளக்கும் கண்ணாடி முகமும் வளைந்த திரையும் வேண்டாம். விளையாட்டுக்காரர்களுக்கான 144 ஹெர்ட்ஸ் வேகத்துக்குக் கொடுக்கும் பணம் நமக்கு வீண், பாட்டி அசைவதில்லை. 24 அங்குலம் போதும், 27 இருந்தால் சௌகரியம். வாங்கியதும் திரை முழுவதும் ஒரே சாம்பல் நிறத்தைப் பரப்பி நான்கு மூலையையும் பார்த்துவிட வேண்டும்.

இத்தனையும் செய்துவிட்டு அறையை மறந்தால் பயனில்லை. இங்கேதான் நம் ஊர் ஒரு பாடம் வைத்திருக்கிறது. கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியில் மதில்கள் மஞ்சள். பிற்பகல் வெயில் எதிர்மதிலில் பட்டு ஜன்னல்வழி உள்ளே வந்தால் அறையே மஞ்சளாகிறது. அந்த மஞ்சளில் உட்கார்ந்து பார்க்கும் கண் படத்தில் நீலத்தைக் கூட்டவோ குறைக்கவோ தவறாது. அதே தெருக்களில் ஆசிரமத்துக் கட்டடங்கள் வெள்ளை விளிம்போடு சாம்பல் பூசி நிற்கின்றன. சுற்றுலா வருபவர்கள் மஞ்சள் சுவரின்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். படத்தைத் திருத்துவதற்குச் சாம்பல் சுவருக்குத்தான் போக வேண்டும். எந்த நிறத்தின் பக்கமும் சாயாத நடுநிலைச் சாம்பலே திருத்தும் அறைக்கு ஏற்றது. திரை ஜன்னலுக்கு நேராகவும் இருக்கக்கூடாது, ஜன்னலை முதுகில் வைத்துக்கொண்டும் இருக்கக்கூடாது, பக்கவாட்டில் இருக்கட்டும். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அதுகூடத் திரையில் பிரதிபலிக்கும் என்கிறார்கள். நாம் வெள்ளை வேட்டி சட்டை அணிபவர், அதுவும் கூடாதாம்.

‘எல்லாரும் கைபேசியில்தானே பார்க்கப் போகிறார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம், நீங்கள் மட்டும் ஏன் அளந்து சாக வேண்டும்’ என்று கேட்பவர்கள் உண்டு. நம் துறையிலேயே கேட்டார்கள். அவர்களுடைய திரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பிசகுகின்றன. மூலம் நடுவில் இருந்தால் அந்தப் பிசகுகள் அதைச் சுற்றி நிற்கும். மூலமே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் நம் பிழை அத்தனை பேருடைய பிழையோடும் கூடிப் போய்ச் சேரும். ஒரு பதிப்பாசிரியர், வாசகர்கள் எப்படியும் தப்பாகத்தானே படிப்பார்கள் என்று சொல்லி மெய்ப்பு பார்க்காமல் விடுவாரா?

பதிப்பு என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகிறோம். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சிட்டபோது, ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் கவனித்துப் பதிப்பித்தார். மூலத்தில் தெளிவில்லாத இடத்தைத் தம் விருப்பப்படி நிரப்பிவிட்டு மூலம் இதுதான் என்று சாதிப்பது பதிப்பாகாது என்று அவரிடமிருந்தே நம் தலைமுறை கற்றது. ஆனால் ஒளிப்படத்தைத் தொடும்போது அந்தக் கல்வி எங்கே போகிறது? முதல் ஸ்கேனை அழித்துவிட்டு அதன்மேலேயே திருத்துகிறோம். ஓலையைப் படமெடுத்தால் எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காக வேறுபாட்டை ஏற்றி, ஓலையின் பழுப்பையும் புகையையும் கொன்றுவிடுகிறோம். படிப்பதற்கு ஒரு கோப்பு, பார்ப்பதற்கு ஒரு கோப்பு என்று இரண்டு வைத்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

இதைச் சரியாகச் செய்வோர் நமக்குத் தொலைவில் இல்லை. செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இருக்கும் பிரெஞ்சு நிறுவனத்தின் ஒளிப்படத் தொகுப்பில் தென்னிந்தியக் கோயில்களின் படங்கள் மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல். அதன் சைவ ஓலைச்சுவடிகள், தூமாஸ் வீதித் தொலைகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியின் சுவடிகளோடு சேர்த்துச் சுமார் 11,000, 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்வடிவாக்கும் பணியும் 2010களில் பிரிட்டிஷ் நூலக உதவியோடு அங்கிருந்து நடந்தது. ஆவணப் பணிகளில் படத்தின் ஓரத்தில் நிற அட்டை ஒன்றையும் வைத்து எடுப்பார்கள். 1976இல் வந்த 24 கட்ட அட்டை ஒன்று இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. அதன் முதல் கட்டம் கரிய தோலின் நிறம், இரண்டாவது வெளிர்தோலின் நிறம். தற்செயலான வரிசைதான் என்றாலும் நமக்கு அது பிடித்திருக்கிறது.

ஏனென்றால் அதற்கு முந்தைய கதை வேறு. 1950கள் முதல் கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் கடைகளுக்கு அனுப்பிய மாதிரிப் படத்தில் இருந்தவள் ஒரு வெள்ளைப் பெண். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். கரிய முகங்கள் சேறாக வந்ததைப் பற்றிப் பல ஆண்டுகள் எவரும் கவலைப்படவில்லை. மரச்சாமான்காரர்களும் சாக்லேட்காரர்களும் தம் சரக்கின் பழுப்பு சரியாக வரவில்லை என்று புகார் சொன்னபோதுதான் கோடாக் அசைந்தது என்று லோர்னா ராத் 2009இல் எழுதிய ஆய்வில் கூறுகிறார். பல நிறப் பெண்கள் கொண்ட அட்டை 1990களில்தான் வந்தது. அந்த அட்டை இன்று நம் கடைகளில் இல்லை. ஆனால் டச்சிங் செய்பவரின் கை தானாக முகத்தைத் தூக்குகிறதே, அந்தக் கையில் அது இருக்கிறது. நாம் அவரைக் குறை சொல்லவில்லை. கல்யாண ஆல்பத்தில் முகம் வெளுக்காவிட்டால் பணம் தராத ஊருக்கு அவர் வேலை செய்கிறார். கல்விக்கூடம் அப்படி வேலை செய்யலாமா என்பதுதான் கேள்வி. பாரதியின் உண்மையான ஒளிப்படங்கள் என்று ஐந்தைத்தான் சொல்கிறார்கள். கருப்பு வெள்ளைப் படங்களான அவற்றுக்கு இன்று யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் வண்ணம் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அவர் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வருவதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்?

பத்துக் கணினி வாங்கும் நிதியில் ஒன்பது வாங்கிக்கொண்டு, மீதியில் ஒரு நல்ல மானிட்டரும் ஓர் அளவுகருவியும் வாங்கலாம் என்று துறையின் சார்பில் எழுதிக் கொடுத்தோம். ‘ஒன்பது’ என்ற எண்ணைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். ஒருவழியாக வந்து சேர்ந்தது.

மாணவியின் தாயாரை மறுபடி அழைத்தோம். அம்மாவின் படத்தில் உள்ள பொருள் எதுவும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டிருந்தோம். படத்தில் கட்டியிருந்த அரக்குப் பட்டையே பையில் கொண்டுவந்தார். மேல்மடிப்பு வெளுத்திருந்தது, உள்மடிப்பைப் பிரித்தபோது நிறம் அப்படியே இருந்தது. விளக்கின்கீழ் அதை விரித்துவைத்துப் புடவையைத் திரையில் சேர்த்தோம். சேலை சேர்ந்ததும் பின்னாலிருந்த திரைச்சீலை தானாகப் பச்சைக்கு வந்தது. “ஆமா சார், ஸ்டூடியோல பச்சை கர்ட்டன்தான்” என்றார்.

முகத்துக்கு ஒப்பிட எதுவும் இல்லை. அவர் கொஞ்சம் யோசித்து, வளையலை மேலே தள்ளிவிட்டு, தம் முன்கையைத் திரையின் பக்கத்தில் நீட்டினார். “எங்கம்மா இத விட ஒரு பங்கு கறுப்பு சார். இத வெச்சுப் பாத்துப் போடுங்க” என்றார்.