ஊர் இங்கே, கதை எங்கே?

1939இல் வெளிவந்த ‘கங்கா தீன்’ என்ற ஹாலிவுட் படத்தின் கதை, பிரிட்டிஷ் ஆட்சிக் கால இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடக்கிறது. கரடுமுரடான பாறைகளும் அவற்றுக்குப் பின்னால் உயர்ந்த மலைகளும் படம் முழுக்க வருகின்றன. அன்று திரையரங்கில் பார்த்த பலர் அதை இந்தியா என்றே நம்பியிருப்பார்கள். உண்மையில் அந்தப் பாறைகள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லோன் பைன் என்ற சிற்றூருக்கு அருகே இருக்கின்றன. தண்ணீர் சுமக்கும் இந்தியர் கங்கா தீனாக நடித்தவரும் ஓர் அமெரிக்கர்தான்.

லோன் பைனில் வாழ்வோர் ஏறத்தாழ 2,000 பேர். அவர்கள் 1990இல் ஒரு திரைப்பட விழாவைத் தொடங்கினார்கள். அக்டோபர் மாத வார இறுதியில் நடக்கும் இவ்விழாவில் புதுப் படங்களுக்கான போட்டியைவிடத் தங்கள் வட்டாரத்தில் எடுக்கப்பட்ட பழைய படங்களுக்கே முதலிடம்.

நம் நாட்டு இளையோர் இவ்விழாவைக் கவனிக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு.

பாறைகளைத் தேடும் விழா

1920இல் ‘தி ரவுண்ட் அப்’ என்ற மௌனப் படத்துடன் இங்கே படப்பிடிப்பு தொடங்கியது. அதன்பின் நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கப்பட்டன. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சில மணி நேரத்தில் வந்துவிடலாம். அலபாமா குன்றுகள் எனப்படும் விசித்திரமான பாறைக் கூட்டம் இருக்கிறது. அதன் பின்னணியில் 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி மலை நிற்கிறது. கௌபாய் படம் எடுப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்? 2008இல் வந்த ‘அயர்ன் மேன்’ படத்தின் ஆப்கானிஸ்தான் காட்சிகளுக்கும் இதே வட்டாரம் பயன்பட்டது.

விழாவில் படம் பார்ப்பதோடு முடிவதில்லை. பார்வையாளர்களைக் குன்றுகளுக்கு அழைத்துச் சென்று, “இந்தப் பாறைக்குப் பின்னால்தான் அந்தக் காட்சி” என்று காட்டுகிறார்கள். பழைய படத்தின் ஒரு காட்சியைக் கையில் வைத்துக்கொண்டு, அதே கோணத்தைத் தேடி நிற்பது ரசிகர்களுக்குப் பெரிய விளையாட்டு. ஊரில் ஓர் அருங்காட்சியகமும் உண்டு. ஸ்டூடியோக்கள் வேலை முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. நினைவைக் காப்பாற்றியவர்கள் ஊர் மக்கள்.

திரைக்கு வராத கதைகள்

ஆனால், இதற்கு மறுபக்கமும் உண்டு. இத்தனை படங்களில் லோன் பைன் லோன் பைனாகவே வந்தவை குறைவு. ‘ஹை சியரா’ (1941) போன்ற சில படங்களில் அந்த மலை அந்த மலையாகவே வருகிறது. மற்றபடி அது இந்தியாவாக, ஆப்கானிஸ்தானாக, பெயரில்லாத மேற்கத்தியப் பாலைவனமாக வேடம் போட்டது.

அந்த வட்டாரத்துக்கென்று கதை இல்லாமலா? 1913இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் கால்வாய் கட்டி அங்கிருந்த ஆற்று நீரைக் கொண்டுபோனது. அருகிலிருந்த ஓவன்ஸ் ஏரி வறண்டது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான பையூட் மக்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். ஊருக்குச் சற்று வடக்கே மான்சனார் முகாம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் 10,000க்கும் மேற்பட்டோர் அங்கே அடைத்து வைக்கப்பட்டார்கள்.

1955இல் வெளிவந்த ‘பேட் டே அட் பிளாக் ராக்’ என்ற படம் லோன் பைன் அருகே எடுக்கப்பட்டது. ஜப்பானிய விவசாயி ஒருவர் கொல்லப்பட்டதை ஓர் ஊரே மறைப்பதுதான் கதை. துணிச்சலான படம். ஆனால், அந்த விவசாயி ஒரு காட்சியில்கூட வருவதில்லை. கதை அவரைப் பற்றியது. திரையில் அவருக்கு இடமில்லை.

ஓர் ஊருக்குப் படப்பிடிப்பு வருவது வேறு. அந்த ஊரின் கதை படமாவது வேறு.

நம் நிலை என்ன?

இந்த வேறுபாடு நமக்கும் பொருந்தும். 1999இல் வெளிவந்த ‘அன்னா அண்ட் தி கிங்’ படத்துக்குத் தாய்லாந்து அனுமதி மறுத்தபோது, மலேசியாதான் சயாமாக வேடமிட்டது. இன்று வெளிநாட்டுப் படக்குழுக்கள் இங்கே செலவிடும் தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் ஊக்கத் திட்டம் உள்ளது. அதனால் வேலையும் பயிற்சியும் கிடைக்கின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அவர்கள் போன பிறகு நம்மிடம் எஞ்சுவது என்ன என்ற கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

2015இல் வந்த ‘ஜகாட்’ ஒரு நல்ல பதில். தோட்டத்தை விட்டு வெளியேறி, புறம்போக்குக் குடியிருப்பில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை, இங்கேயே பிறந்த இயக்குநர் எடுத்தார். அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அது தேர்வானது. நம் வாழ்க்கையும் படமாகும் என்று பல இளையோருக்கு அது காட்டியது.

லோன் பைனைப் போல் தொடங்கப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு பள்ளி மண்டபமும் ஒரு திரையும் போதும். நம் வட்டாரத்தில் எடுக்கப்பட்ட படங்களை, உரிய அனுமதி பெற்றுத் திரையிடலாம். அவற்றில் வரும் தெருவும் லயன் வீடும் இன்று எப்படி இருக்கின்றன என்று மாணவர்கள் போய்ப் பார்த்துப் படம் பிடிக்கலாம். படத்தில் வராதது எது என்று அங்குள்ள தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பதிவு செய்யலாம்.

லோன் பைனின் பாறைகள் நூறாண்டு கடந்தும் அப்படியே நிற்கின்றன. நம் தோட்டங்களுக்கு அந்த உறுதி இல்லை. லயன்கள் இடிகின்றன; பால்மரங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழுகின்றன. கதை சொல்லக்கூடியவர்களுக்கும் வயதாகிறது. கையில் கைப்பேசி வைத்திருக்கும் தலைமுறை இதைத் தள்ளிப்போடக் கூடாது.