எண்ணைப் பார்க்காதீர்கள், கணுக்காலைப் பாருங்கள்

சூப்பர் ஹீரோ சிலைகளைச் சேகரிப்பவர்கள் ஒரு சிலையின் தரத்தைப் பெரும்பாலும் மூன்று விஷயங்களை வைத்தே முடிவு செய்கிறார்கள். மொத்தம் எத்தனை பிரதிகள், தூக்கினால் எவ்வளவு கனம், விளம்பரப் படத்தில் எப்படி இருந்தது. இந்த மூன்றுமே தரத்தைச் சொல்லாது என்பது என் உறுதியான கருத்து.

சிங்கப்பூரில் ஒரு பல் ஆய்வகத்தில் நெடுங்காலம் செயற்கைப் பற்கள் செய்துவந்தேன். இப்போது உடைந்த சிலைகளை ஒட்டி, பூசி, நிறம் தீட்டிக் கொடுக்கிறேன். இரண்டு வேலைக்கும் தேவைப்படுபவை ஏறக்குறைய ஒன்றே: சிலிக்கோன் அச்சு, ரெசின், மெல்லிய தூரிகை, பொறுமை. முழுச் சிலை வெளித்தோற்றத்தை மட்டுமே காட்டும். உடைந்த சிலையோ, அதைச் செய்தவர்கள் எங்கே கவனமாக இருந்தார்கள், எங்கே அவசரப்பட்டார்கள் என்பதையும் காட்டிவிடும்.

இந்தச் சிலைகளில் பெரும்பாலானவை பாலிஸ்டோனால் ஆனவை. பாலியூரித்தேன் ரெசினில் கல்பொடி கலந்த கலவை அது. தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், தட்டினால் கெட்டியாக ஒலிக்கும், விழுந்தால் பீங்கான் போல உடையும். சிற்பி களிமண்ணிலோ கணினியிலோ உருவத்தை முடித்ததும் ஒரு மூலப்படி தயாராகும். அதிலிருந்து சிலிக்கோன் அச்சுகள் எடுப்பார்கள். தலை, கை, கால், உடல் எல்லாம் தனித்தனியாக வார்க்கப்படும். பிறகு பிசிறு தேய்த்து, துண்டுகளைப் பொருத்தி, கையால் நிறம் தீட்டுவார்கள். கலிபோர்னியாவின் சைட்ஷோ, ஜப்பானின் பிரைம் 1 ஸ்டூடியோ, எங்கள் சிங்கப்பூரின் எக்ஸ்எம் ஸ்டூடியோஸ் எனப் பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது தொழிற்சாலைப் பணியாளர்கள் பலரின் கைவேலை.

இது புரிந்தால் எண்ணின் மீதுள்ள மயக்கம் தெளியும். ஓவிய அச்சில், குறிப்பாகச் செப்புத் தகட்டைக் கீறிச் செய்யும் ட்ரைபாயிண்ட் முறையில், முதல் சில பிரதிகளே கூர்மையாக விழும். போகப் போகத் தகடு தேயும். ஆகவே அங்கே சிறிய எண்ணுக்கு மதிப்பு உண்டு. சிலை விஷயம் வேறு. சில பத்து வார்ப்புகளிலேயே சிலிக்கோன் அச்சு நைந்துவிடும். மூலப்படியிலிருந்து புதிய அச்சு எடுப்பார்கள். ஒரே சிலையின் முகம் புது அச்சிலும் மார்பு பழைய அச்சிலும் பிறந்திருக்கலாம். அடித்தட்டில் உள்ள எண் எந்தத் துண்டு எந்த அச்சில் பிறந்தது என்பதைச் சொல்வதில்லை. குறைவான பிரதிகள் என்பது மறுவிற்பனை விலைக்கு உதவலாம். சிலையின் முகத்துக்கு அது எதுவும் செய்வதில்லை.

பிறகு எதைப் பார்ப்பது? முதலில் அளவு. ஸ்டான் லீயும் ஜான் புசெமாவும் 1978இல் வெளியிட்ட 'ஹவ் டு டிரா காமிக்ஸ் த மார்வெல் வே' என்ற புத்தகம், நாயகனின் உயரம் அவன் தலையைப்போல் 8¾ மடங்கு இருக்க வேண்டும் என்கிறது. நிஜ மனிதர்களுக்கு இது ஏறக்குறைய 7½ தலை. கேப்டன் அமெரிக்காவின் உயரம் 6 அடி 2 அங்குலம், அதாவது 188 செ.மீ. நான்கில் ஒரு பங்குச் சிலையில் அவர் நிமிர்ந்து நின்றால் 47 செ.மீ. காமிக்ஸ் கணக்கில் தலை சுமார் 5.4 செ.மீ., மனிதக் கணக்கில் 6.3 செ.மீ. இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரிதான். நடிகரின் முகத்தை மனித அளவில் செய்து, அதைக் காமிக்ஸ் உடலில் ஏற்றுவதுதான் தவறு. இன்று வரும் பல சிலைகளில் எனக்கு உறுத்துவது இது. தலை பெரிதாகத் தெரிகிறதே என்று பார்ப்பவர் உணர்வார், காரணம் பிடிபடாது. ஒரு நூலும் அளவுகோலும் போதும், பிடிபட்டுவிடும்.

அடுத்தது, எந்தக் காலத்து நாயகன் என்பது. ஸ்பைடர் மேன் 1962இல் ஸ்டீவ் டிட்கோவின் கையில் பிறந்தபோது ஒல்லியான பள்ளி மாணவன், அக்குளின் கீழே வலை தொங்கும். 1966இல் ஜான் ரோமிட்டா பொறுப்பேற்றதும் தோள் விரிந்தது, முகம் களையானது. 1988இல் டாட் மெக்ஃபார்லேன் வந்தபோது முகமூடியின் கண்கள் பெரிதாயின, மூட்டுகள் முறுகின, வலை கயிறுபோல் சிக்கலாயிற்று. மூன்றும் அழகு. நல்ல சிற்பி இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, விரல் மடங்கும் விதம்வரை அதற்கு உண்மையாக இருப்பார். ரோமிட்டாவின் தோளில் மெக்ஃபார்லேனின் கண்ணைப் பொருத்திய சிலையில் திறமை இருக்கலாம், ஆனால் ஆள் இருக்கமாட்டான். இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். பழைய காமிக்ஸ் படித்திருந்தால் போதும்.

மூன்றாவது கணுக்கால். ஒரு கல்லூரி மாணவன், ஒற்றைக் காலில் கூரை முனையில் நிற்கும் ஸ்பைடர் மேனைக் கொண்டுவந்தான். கணுக்காலில் இரண்டாக முறிந்திருந்தது.

"அக்கா, இது 500ல மூணாவது நம்பர். பத்திரமா ஒட்டிடுங்க."

"ஒட்டிடலாம் தம்பி. இங்க பாரு, உள்ள கம்பியே வைக்கல."

முறிந்த இடத்தில் வெறும் பாலிஸ்டோன்தான் இருந்தது. நடுவே காற்றுக் குமிழ்களின் ஓட்டை. அந்த எடை முழுவதையும் விரல் பருமனுள்ள கணுக்கால் தாங்க வேண்டும். எஃகுக் கம்பி ஒன்று பாதத்திலிருந்து முழங்காலுக்கு மேல்வரை ஓடியிருந்தால் அந்தச் சிலை என்னிடம் வந்திருக்காது. துளையிட்டு, கம்பி செருகி, எபாக்சி நிரப்பித்தான் நிறுத்தினேன்.

கனம் என்றால் தரம் என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் ஆபத்தாகிறது. மேலுடல் கெட்டியாக வார்க்கப்பட்டுக் கனத்தால் அந்தப் பாரமெல்லாம் கணுக்காலில்தான் இறங்கும். உடலை உள்ளீடற்று வார்ப்பதும், வலை நுனி, கேப்பின் விளிம்பு போன்ற மெல்லிய பாகங்களை வளையும் பிளாஸ்டிக்கில் செய்வதும் சிக்கனம் என்று சேகரிப்பாளர்கள் குறைப்படுகிறார்கள். எனக்கு அது சிந்தித்துச் செய்த வேலை. வாங்கிய அன்றே ஒரு கதவுச் சட்டத்தின் முன்னால் சிலையை நிறுத்திப் படம் எடுத்து வையுங்கள். சில மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் எடுங்கள். சாய்வு இருந்தால் இரண்டு படங்களும் சொல்லும்.

நான்காவது இணைப்பு. துண்டுகளாக வார்ப்பதால் இணைப்பு இருந்தே தீரும். அதைச் சிற்பி எங்கே வைத்தார் என்பதுதான் கேள்வி. கையுறையின் விளிம்பு, பெல்ட்டின் அடி, பூட்ஸின் மேல்மடிப்பு ஆகியவை இயல்பான எல்லைகள். அங்கே வைத்தால் கண்ணுக்குப் படாது. முன்கையின் நடுவில் வைத்துப் புட்டியால் மூடினால் அந்தக் கோடு ஒருநாள் வெளியே வந்தே தீரும். கைபேசி விளக்கைச் சிலையின் பரப்போடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் மேடு, பள்ளம், தேய்த்த தடம் எல்லாம் எழுந்து நிற்கும். தசை மடிப்புகளில் கறுப்பு நீர்ச்சாயத்தை அளவுக்கு மீறி ஓடவிட்டிருப்பதும் அப்போதுதான் தெரியும். மழுங்கிய அச்சின் குறையை மறைக்க இந்த வழி நிறையப் பயன்படுகிறது.

கடைசியாகக் கண். பல் ஆய்வகத்தில் முதலில் கற்றுக்கொண்டதே, பல் வெள்ளையல்ல என்பதுதான். ஈறருகே மஞ்சள், நுனியில் சற்று நீலம், நடுவில் பால்நிறம். அந்த மூன்றும் இல்லாத பல் தொலைவிலிருந்தே பொய்யென்று தெரிந்துவிடும். விழியும் அப்படித்தான். சுத்த வெள்ளை பூசிய கண் முறைக்கும், பார்க்காது. இமையின் கீழ் மெல்லிய நிழல், மூலையில் துளி சிவப்பு, இரண்டு கருமணியும் ஒரே இடத்தை நோக்குவது, மேலே ஒரு பளபளப்புப் பூச்சு என எல்லாம் சேர்ந்தால்தான் அந்த முகம் விழித்துக்கொள்ளும். கருமணி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே சூப்பர்மேன் மாறுகண் கொண்டவராகிவிடுவார்.

இங்கேதான் விளம்பரப் படம் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துகிறது. முன்பதிவின்போது காட்டப்படுவது பொதுவாக மாதிரிச் சிலை. தேர்ந்த ஓவியர் ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து தீட்டியது. வீட்டுக்கு வருவதோ தொழிற்சாலை வரிசையில் தீட்டப்பட்டது. நான்கில் ஒரு பங்கு அளவுச் சிலைகள் பலவும் 500 அமெரிக்க டாலருக்கு மேல் போகின்றன. பெரியவை 1,000 டாலரையும் தாண்டும். மாதத் தவணையில் பணம் கட்டி, ஓராண்டுக்கு மேலும் காத்திருந்து, படத்தில் கண்டதைவிடக் குறைந்த ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுக்கிறவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

கைவேலையில் வேறுபாடு இருக்கத்தான் செய்யும் என்று நிறுவனங்கள் பதில் சொல்கின்றன. அது உண்மை, அந்த வேறுபாட்டை நான் மதிக்கிறேன். அப்படியானால் அதையே காட்டட்டும். கடைசித் தவணையை வாங்கும் முன் தொழிற்சாலையிலிருந்து வந்த சிலைகளில் சிலவற்றை, முன்பக்கமும் பக்கவாட்டும் தெரியும்படி, திருத்தாத படமாக வெளியிட வேண்டும். எந்தப் பாகம் எந்தப் பொருள், பாரம் தாங்கும் மூட்டுகளில் கம்பி உண்டா என்பதைப் பெட்டியில் அச்சிட வேண்டும். மூலச் சிற்பியின் பெயரைப் பல நிறுவனங்கள் இப்போது போடுகின்றன, நல்லது. நிறம் தீட்டிய தொழிற்சாலைக் குழுவையும் குறிப்பிடட்டும். பெயர் வெளியே வரும் என்று தெரிந்த குழுவுக்குக் கண்ணைத் தீட்ட இன்னும் ஐந்து நிமிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை கிடைக்கும்.

இவற்றைச் சட்டம் போட்டுக் கொண்டுவர முடியாது. வாங்குகிறவர்கள் கேட்டால்தான் வரும். பிரதி எண்ணுக்காகப் போட்டியிடும் ஆர்வத்தில் பாதியை அளவுகோலுக்கும் கைவிளக்குக்கும் கொடுத்தால் போதும், செய்கிறவர்கள் கணுக்காலுக்குள் கம்பி வைக்கத் தொடங்கிவிடுவார்கள்.