அமெரிக்க இடைத்தவணைத் தேர்தல்: அதிபரின் கட்சி ஏன் அடிக்கடி தோற்கிறது?

2026 நவம்பர் 3ஆம் தேதி அமெரிக்கர்கள் வாக்களிக்கின்றனர். வாக்குச்சீட்டில் அதிபர் டோனல்ட் டிரம்ப்பின் பெயர் இருக்காது. ஆனால் அவருடைய கடைசி 2 ஆண்டு ஆட்சி எப்படி இருக்கும் என்பதை அந்த வாக்குகள்தான் முடிவுசெய்யும்.

எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தெந்த இடங்களுக்குத் தேர்தல்?

அமெரிக்க நாடாளுமன்றத்தில் 2 அவைகள் உள்ளன.

பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் 2 ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும். செனட் சபை உறுப்பினரின் பதவிக்காலம் 6 ஆண்டு. அதனால் அங்குள்ள 100 இடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே ஒவ்வொரு முறையும் போட்டி. இம்முறை ஒஹாயோ, ஃபுளோரிடா இடைத்தேர்தல்களையும் சேர்த்து 35 இடங்கள்.

2024 தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 220 இடங்களைப் பிடித்தது. ஜனநாயகக் கட்சிக்கு 215. பெரும்பான்மைக்கு 218 தேவை. கணக்கு எளிது: அந்த முடிவிலிருந்து 3 இடங்கள் கைமாறினாலே போதும்.

வரலாறு என்ன சொல்கிறது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நடந்த இடைத்தவணைத் தேர்தல்களில் 2 முறை மட்டுமே அதிபரின் கட்சி பிரதிநிதிகள் சபையில் கூடுதல் இடங்களைப் பெற்றது: 1998, 2002.

மற்ற எல்லா முறையும் சரிவுதான். 2010இல் பராக் ஒபாமாவின் கட்சி 63 இடங்களை இழந்தது. 2018இல் திரு டிரம்ப்பின் கட்சிக்குச் சுமார் 40 இடங்கள் போயின.

ஏன் இப்படி?

முதல் காரணம், யார் வாக்களிக்க வருகிறார்கள் என்பது. 2020 அதிபர் தேர்தலில் தகுதிபெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தனர். 2018 இடைத்தவணையில் ஏறக்குறைய பாதிப் பேர். அதுவே அதற்கு முந்தைய 100 ஆண்டில் இல்லாத அளவு! ஜெயித்தவரின் ஆதரவாளர்கள் "நம்ம ஆள்தான் இருக்காரே" என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். கோபத்தில் இருப்பவர்கள் தவறாமல் வருகிறார்கள்.

இரண்டாவது, விலைவாசி. மளிகை, வாடகை, மருத்துவக் காப்புறுதி என எது உயர்ந்தாலும் பழி ஆட்சியில் இருப்பவர்மீதுதான்.

விதிவிலக்கான 2 ஆண்டுகளும் இதையே காட்டுகின்றன. 1998இல் பொருளியல் நன்றாக இருந்தது. 2002இல் செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு மக்கள் அதிபரின் பின்னால் அணிதிரண்டனர். இரண்டு முறையும் அதிபருக்கு ஆதரவு 60 விழுக்காட்டுக்கு மேல்.

தொகுதி எல்லைகளை மாற்றுவது உதவுமா?

வழக்கமாக 10 ஆண்டுக்கு ஒருமுறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகுதான் எல்லைகள் மாற்றப்படும். ஆனால் 2025இல் டெக்சஸ் மாநிலம் இடையிலேயே மாற்றியது. குடியரசுக் கட்சிக்கு மேலும் 5 இடங்கள் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். பதிலுக்குக் கலிஃபோர்னியா வாக்காளர்கள் அதே ஆண்டு நவம்பரில், ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான எல்லைகளை ஏற்றுக்கொண்டனர்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. டெக்சஸின் புதிய தொகுதிகளில் சில, 2024இல் திரு டிரம்ப் பக்கம் சாய்ந்த லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை நம்பி வரையப்பட்டவை. அவர்கள் மனம் மாறினால்? நியூ ஜெர்சியில் அவர்கள் அதிகம் வாழும் பசாயிக் வட்டாரத்தில் 2024இல் திரு டிரம்ப் வென்றார். அடுத்த ஆண்டே ஆளுநர் தேர்தலில் அங்கு வென்றவர் ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரில்.

செனட் சபை நிலவரம் வேறா?

ஆமாம். 2024க்குப் பிறகு அங்கே 53-47. சமநிலை ஏற்பட்டால் துணையதிபர் ஜே.டி. வேன்ஸின் வாக்கு முடிவுசெய்யும். எனவே ஜனநாயகக் கட்சிக்குக் கூடுதலாக 4 இடங்கள் வேண்டும். மேய்ன், வட கேரொலைனா இரண்டிலும் வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் போனால், திரு டிரம்ப் வசதியாக வென்ற மாநிலங்களில் மோத வேண்டியிருக்கும்.

2018இலும் இப்படித்தான். பிரதிநிதிகள் சபையை இழந்த குடியரசுக் கட்சி, செனட் சபையில் இடங்களைக் கூட்டிக்கொண்டது. நீதிபதிகளை உறுதிப்படுத்துவது செனட் சபை. அதனால் திரு டிரம்ப்பின் நீதிபதி நியமனங்கள் நிற்கவில்லை.

ஒரு சபை மட்டும் கைமாறினால் என்ன ஆகும்?

அதிபரின் புதிய சட்டங்களைத் தடுக்கலாம். அமைச்சர்களை விசாரணைக்கு அழைக்கலாம். வரவுசெலவுத் திட்டத்தில் பேரம் பேசலாம். அரசியல் குற்றச்சாட்டும் கொண்டுவரலாம். ஆனால் பதவி நீக்கத்துக்குச் செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. திரு டிரம்ப்மீது 2019இலும் 2021இலும் அது கொண்டுவரப்பட்டது. இரு முறையும் அவர் விடுவிக்கப்பட்டார்.

சுருங்கச் சொன்னால், தடுக்கும் சக்தி கிடைக்கும். ஆளும் சக்தி கிடைக்காது.

சிங்கப்பூருக்கு இதில் என்ன?

அமெரிக்காவுடன் நமக்கு 2004ஆம் ஆண்டிலிருந்து தடையற்ற வர்த்தக உடன்பாடு உண்டு. அப்படியிருந்தும் 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட 10 விழுக்காட்டு வரி நமக்கும் பொருந்தியது. அமெரிக்க அரசமைப்புச் சட்டப்படி வரி விதிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துடையது. அது காலப்போக்கில் பல சட்டங்கள் மூலம் அதிபருக்கு வழங்கப்பட்டுள்ளது.

அதைத் திரும்பப் பெறப் புதிய சட்டம் வேண்டும். அதிபர் நிராகரித்தால், 2 சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. அதனால் தேர்தல் முடிந்ததும் வரி குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

முடிவு எப்போது தெரியும்?

அன்றிரவே தெரியாமல் போகலாம். கலிஃபோர்னியாவில் அஞ்சல் வாக்குகளை எண்ண நாள்கள் எடுக்கும். 2022இல் பிரதிநிதிகள் சபை யார் வசம் என்பது தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. முதல் சில மணிநேர எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.