முதலில் எடுத்துவைக்கும் பங்கு

விளைச்சலிலும் மந்தையிலும் பத்தில் ஒன்றைக் கடவுளுக்கு உரியதெனப் பிரித்துவைக்கும் பழைய ஏற்பாட்டு முறையே தசமபாகம் எனப்படுகிறது. மூன்றாம் ஆண்டின் தசமபாகத்தில் லேவியரோடு பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோரும் வயிறார உண்ண வேண்டும் என்று உபாகமம் விதிப்பதால், காணிக்கை ஆலயத்தின் உண்டியலோடு முடிந்துவிடுவதன்று. ஊரிலுள்ள எளியவரின் அடுப்பும் அந்தக் கணக்கில் சேர்ந்ததே.

மானாவாரி ராகியும் ஓசூர் சிப்காட் ஆலைச் சம்பளமும் ஒரே வீட்டில் சேரக்கூடிய ஜவளகிரிப் பகுதியில் இந்தக் கணக்கு எளிதன்று. சம்பளம் மாதந்தோறும் வருகிறது. ராகியோ ஆண்டுக்கு ஒருமுறை அறுவடையாகிறது, அதுவும் கதிர் முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து இறங்கும் யானைகள் மிச்சம் வைத்தால்தான். பவுல் கொரிந்து சபைக்கு எழுதியபோது தொகை எதையும் குறிக்காமல், வாரத்தின் முதல்நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்கச் சொன்னது இத்தகைய வீடுகளுக்கே மிகவும் பொருந்துகிறது. வரவு இல்லாத மாதத்தில் கொடுக்கவேண்டிய கடனும் இல்லை. நகையை அடகு வைத்தோ குழுக்கடன் வாங்கியோ செலுத்தும் காணிக்கையை வேதம் எங்கும் கேட்கவில்லை.

ஏழைக் குடும்பம் எப்படிக் கொடுக்கும் என்ற கேள்விக்குத் தமிழ்த் திருச்சபையே விடை கண்டிருக்கிறது. வெள்ளாளன்விளையில் பிறந்து, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்ற முன்னின்று, 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வே. ச. அசரியா, அயல்நாட்டுப் பணத்தை நம்பாமல் இந்தியப் பணத்தால் ஊழியம் நடக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்று, கிறிஸ்தவக் கொடை குறித்து ஒரு நூலே எழுதினார். உலையில் இடுமுன் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை தென்மாவட்டச் சபைகளில் பெண்கள் நடத்திய வழக்கம். மிசோரத்தில் 1910இல் தொடங்கிய அதே வழக்கம் ஒரு திருச்சபையையே தன் காலில் நிற்க வைத்தது. சமைத்து மீந்ததிலிருந்து அல்லாமல் சமைக்கும் முன்பே எடுத்ததில்தான் அதன் வலிமை இருந்தது. வீட்டு வரவுசெலவிலும் இவ்வாறே காணிக்கையை முதல் வரியில் எழுதி, மளிகை, பள்ளிக் கட்டணம், சீட்டு ஆகியவற்றை மீதிக்குள் அடக்கினால், வீண்செலவுகள் தாமாகவே வெளிப்பட்டுவிடும்.

பத்தில் ஒன்றை எந்தத் தொகையில் கணக்கிடுவது என்பது ஆலைத் தொழிலாளரின் நியாயமான ஐயம். மொத்தச் சம்பளம் 18,000 ரூபாய், அதில் அடிப்படையும் அகவிலைப்படியும் 15,000 என்று கொண்டால், வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடான 1,800 ரூபாயும், ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடான 135 ரூபாயும் பிடிக்கப்பட்டு 16,065 ரூபாய் கைக்கு வரும். கைக்கு வருவதில் பத்தில் ஒன்று, அதாவது ஏறத்தாழ 1,600 ரூபாய், கொடுப்பதில் குறையில்லை. ஆனால் வைப்பு நிதி தொழிலாளரின் சொந்தச் சேமிப்பே ஆதலால், அது திரும்பி வரும் நாளில் அதற்குரிய பங்கையும் எடுத்துவைப்பதே நேர்மை. வரிச்சலுகையை எண்ணிக் கொடுப்போர் ஒன்றை அறிய வேண்டும்: நன்கொடைக்கான வரிக்கழிவு புதிய வரிமுறையில் கிடைக்காது, பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்கு இல்லை.

இதனினும் கனமான எச்சரிக்கை மாற்கு நற்செய்தியில் இருக்கிறது. தகப்பனுக்கும் தாய்க்கும் சேரவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்கு நேர்ந்த காணிக்கை, என்று அறிவித்துப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டார். முதிய பெற்றோரின் மருந்துச் செலவை நிறுத்திவிட்டுக் கட்டட நிதிக்கு எழுதும் தொகை அவர் ஏற்கும் காணிக்கையாகாது. ஆதலால் கணவனும் மனைவியும் மாதத் தொடக்கத்தில் ஒன்றாக அமர்ந்து, சபைக்கு எவ்வளவு, ஊழியத்துக்கு எவ்வளவு, ஒப்பந்த வேலை இழந்து நிற்கும் பக்கத்து வீட்டாருக்கு எவ்வளவு என்று பேசி முடிவுசெய்து, அந்தத் தொகையைத் தனி உறையில் போட்டு எழுதிவைக்க வேண்டும். பக்கத்து வீட்டார் எந்தச் சமயத்தவர் என்று உபாகமத்தின் மூன்றாம் ஆண்டுச் சட்டம் கேட்கவில்லை, பரதேசியையும் அது பந்தியில் அமர்த்துகிறது.